விரைவுக் காரும் ஓட்டுவோர் பழக்கமும்

என்னிடம் பள்ளியில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் பொறியாளராகப் பணி புரிகின்றார். 2018ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தேன். ஒரு நாட் காலை, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தைக் காட்டுவதாகச் சொல்லித் தம் காரில் என்னை அழைத்துச் சென்றார். குளிர் மிகுந்த வேளை. புல்லின்மேல் உறைபனி வெண்பொடி தூவியதுபோற் கிடந்தது.

அவருடைய கார் சாதாரண வண்டியன்று. மேனாட்டார் 'ஸ்போர்ட்ஸ் கார்' என வழங்கும் விரைவுக் கார் வகையைச் சேர்ந்தது. அந்நகரத்துத் தொழிலகமாகிய பி.எம்.டபிள்யூ. 2000ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை செய்து விற்ற 'எம்3' என்னும் கார் அது. அதன் எஞ்சின் 343 குதிரைத் திறன் உடையது என்றும், நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை சுழல வல்லது என்றும் முதல் நாள் இரவே பெருமிதத்தோடு கூறியிருந்தார். ஆகவே, கார் தெருவில் இறங்கியதும் அம்புபோற் பாயும் என எண்ணி, இருக்கைப் பட்டையை இறுகப் பற்றிக்கொண்டேன். கார் பாயவில்லை. நிறைகுடத்தை இடுப்பில் ஏந்திச் செல்லும் பெண்ணைப் போல் மெல்ல மெல்ல நடந்தது. பின்னால் வந்த சிற்றுந்துகளெல்லாம் எங்களைக் கடந்து சென்றன. நெடுஞ்சாலையை அடைந்த பின்பும் அவர் விரையவில்லை.

"தம்பி, 343 குதிரைகளும் இன்னும் உறங்குகின்றனவோ?" என்று நகையாகக் கேட்டேன்.

அவர் சிரித்து, "ஐயா, தண்ணீர் எழுந்துவிட்டது, எண்ணெய் இன்னும் எழவில்லை" என்று கூறி, தம்முன் இருந்த வட்டமான மானியைச் சுட்டினார். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கின்றது என்பதைக் காட்டும் சுழற்சிமானி அது. அதன் விளிம்பில், உயர்ந்த எண்களுக்கு நேராகச் சிறுசிறு விளக்குகள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. எண்ணெய் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணையும். எந்த எண்ணுக்கு நேரே விளக்கு எரிகின்றதோ அந்த எண்ணை எட்டும்படி எஞ்சினைச் சுழற்றலாகாது. 1998இல் வெளிவந்த 'எம்5' காரிலும், அதன் பின்னர் இந்த எம்3 காரிலும் இவ்வமைப்பை அத்தொழிலகத்தார் வைத்தனர். ஓட்டுபவர் பொறுமையிழப்பார் என்பதை அறிந்தே வைத்தார்கள் போலும்!

வண்டி ஒன்றே; ஓட்டும் கை வேறாயின் அதன் வாழ்நாளும் வேறாகின்றது. அஃது ஏன் என்பதை அன்று வழிநெடுக அவர் விளக்கினார். இலக்கணமன்றி வேறறியாத எனக்கும் அது விளங்கியமையின், உங்களுக்கும் விளங்கும் என்னும் துணிவால் ஈண்டு எழுதுகின்றேன்.

எஞ்சினுள் உருளை வடிவான அறைகள் உள்ளன. அவற்றைச் சிலிண்டர் என்பர். எம்3 காரில் அவை ஆறு. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பிஸ்டன் என்னும் அடைப்பு மேலும் கீழுமாக இயங்குகின்றது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை மேலே எரியும்பொழுது, அவ்வெப்பத்தால் விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. பிஸ்டனோடு பிணைந்த இணைப்புத் தண்டு, அவ்வுந்துதலைக் கிராங்க் என்னும் வளைதண்டுக்குக் கொடுத்து அதைச் சுழற்றுகின்றது. நம் வீட்டுத் தையற் பொறியில் மிதிபலகையின் ஏற்றயிறக்கம் சக்கரத்தின் சுழற்சியாக மாறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள், முறை அதுவே.

ஆனால் வேகத்தை எண்ணிப் பாருங்கள். இந்த எஞ்சினில் பிஸ்டன் ஒரு முறை இறங்கும் தொலைவு 91 மில்லிமீட்டர். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பிஸ்டன் ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறிவிடும். நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால், அது நிமிடத்துக்கு 16,000 முறை அத்தொலைவைக் கடக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 24 மீட்டர் ஆகின்றது. ஒவ்வொரு முனையிலும் அது முற்றும் நின்று, திசை மாறி, மீண்டும் விரைய வேண்டும். ஒரே நொடியில் 260 முறைக்கு மேல் நிற்பதும் ஓடுவதுமாகிய வேலை! அந்த நிறுத்தத்தையும் ஓட்டத்தையும் தாங்குவது இணைப்புத் தண்டு. அத்தண்டு கிராங்கைப் பற்றியிருக்கும் இடத்தில் அமைந்திருப்பது பேரிங் என்னும் மெல்லிய உலோக ஓடு.

இப்பேரிங்கும் கிராங்கும் ஒன்றையொன்று தொட்டு உராய்கின்றன என நீங்கள் நினைக்கலாம். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் முறையாக ஓடும்பொழுது அவை தொடுவதே இல்லை. இரண்டுக்கும் இடையே மயிரிழையின் பருமனும் இல்லாத ஓர் இடைவெளி. அவ்விடைவெளியில் எண்ணெய் புகுந்து, கிராங்கின் சுழற்சியாலேயே ஆப்புப்போல் உள்ளிழுக்கப்பட்டு, அதனைத் தூக்கி நிறுத்துகின்றது. எஞ்சினின் வலிமையெல்லாம் இறுதியில் இந்த எண்ணெய்ப் படலத்தின்மேல்தான் நிற்கின்றது. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தை உரசும், ஓடு தேயும், தேய்ந்த துகள் எண்ணெயோடு கலந்து வேறிடங்களையும் கெடுக்கும்.

இந்த எண்ணெயையே நாம் 'எஞ்சின் ஆயில்' என்கின்றோம். மார்கழித் திங்களில் விடியற்காலை தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கின்றீர்களா? துளியும் இறங்காது. அதே புட்டியைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் நீர்போல் ஒழுகும். எஞ்சின் ஆயில் அவ்வாறு உறைவதில்லையாயினும், குளிரில் தடித்தும் வெப்பத்தில் இளகியும் நிற்பது அதற்கும் இயல்பு. எம்3 காருக்கு விதிக்கப்பட்ட எண்ணெய் '10டபிள்யூ–60' என்னும் வகை. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னுள்ள 10 குளிரில் அது எவ்வளவு ஒழுகும் என்பதையும், பின்னுள்ள 60 நூறு பாகை வெப்பத்தில் எவ்வளவு தடிப்போடு நிற்கும் என்பதையும் உணர்த்துகின்றன. மிக்க சூட்டிலும் படலம் அறாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு தடித்த எண்ணெயைத் தேர்ந்தனர். அந்நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. செல்சியசு 40 பாகையில் அதன் தடிப்பு, 100 பாகையில் உள்ளதைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. உறைபனி விழுந்த காலையில் அது இன்னும் எத்துணைத் தடிப்பாய் இருக்கும் என்பதை நீங்களே உய்த்துணரலாம்.

"தடித்த எண்ணெய் நல்லதுதானே? படலமும் தடிக்குமன்றோ?" என்று நான் இடைமறித்தேன். பண்டிதர் கேட்கும் கேள்வி அது! அவர் பொறுமையாக மறுமொழி கூறினார். எண்ணெய் பேரிங்கைத் தாங்குவதோடு நில்லாது, அங்குப் பிறக்கும் வெப்பத்தையும் வாரிச் செல்ல வேண்டும். ஆகவே, அது அங்கே இருந்தால் மட்டும் போதாது. இடையறாது ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும். தடித்த எண்ணெய் குறுகிய துளைகளின் வழியே எளிதில் ஓடாது. அந்நிலையில் எஞ்சினை வேகமாகச் சுழற்றினால், எண்ணெயைத் தள்ளும் பம்பின் அழுத்தம் அளவு கடந்து ஏறும். குழாய் வெடிக்காமல் இருக்கும் பொருட்டு அமைத்துள்ள வால்வு ஒன்று அப்போது திறந்து, மிகுதியான எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும். வடிகட்டியிலும் இதே நிலைதான். தடித்த எண்ணெய் அதனுள் நுழைய இயலாதபோது மாற்றுவழி திறக்கும். எண்ணெய் வடிகட்டப்படாமலே உள்ளே செல்லும். அழுத்தம் காட்டும் முள் உயர்ந்து நிற்கும்; ஆனால் பேரிங்குக்கு வேண்டிய அளவு எண்ணெய் போய்ச் சேர்ந்திராது. மேலும், தேய்மானத்தைத் தடுக்க எண்ணெயில் கலக்கப்படும் மருந்துப் பொருள்கள் சில, வெப்பம் ஏறிய பின்னரே உலோகத்தின்மேல் படிந்து தம் தொழிலைச் செய்வன.

இந்த எம்3 கார்களுள் தொடக்க ஆண்டுகளில் செய்தவற்றில் இணைப்புத் தண்டின் பேரிங்குகள் சில விரைவிற் கெட்டன. தொழிலகத்தாரே அவற்றை வரவழைத்துப் புதியன மாற்றிக் கொடுத்தனர். ஆகவே, எஞ்சின் கெட்டால் குற்றம் எப்பொழுதும் ஓட்டுபவருடையதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், பொறியின் மெலிந்த இடம் இன்னதென்று தெரிந்தபின் அவ்விடத்தை வருத்தாமல் ஓட்டுவது ஓட்டுபவர் கையிலன்றோ இருக்கின்றது?

எண்ணெய் மட்டுமன்றி உலோகமும் சூட்டை எதிர்நோக்குகின்றது. எம்3 எஞ்சினில் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆயது. பிஸ்டனோ அலுமினியத்தால் ஆயது. ஒரே அளவு சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அன்றியும், தீயை நேரே எதிர்கொள்வது பிஸ்டன் ஆதலால், அதற்கே சூடும் மிகுதி. எனவே, சூடேறிய பின்பு சரியாகப் பொருந்தும்படி, குளிர்ந்த நிலையில் அதனைச் சற்றுச் சிறியதாகவே செய்கின்றனர். 87 மில்லிமீட்டர் அகலமுள்ள அப்பிஸ்டன் 150 பாகை சூடேறினால் கால் மில்லிமீட்டர் அளவு விரியும். குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் சிறிது தளர்ந்து, பக்கவாட்டில் அசைந்து சிலிண்டர்ச் சுவரை இடிக்கும். வெப்பம் படிப்படியாக ஏறுமாயின் இரண்டும் ஒத்து விரியும். எடுத்த எடுப்பிலேயே முடுக்கினால் பிஸ்டன் மட்டும் விரைந்து விரியும். சிலிண்டர் குளிர்ந்தே நிற்கும். இடைவெளி குறுகிச் சுவரில் கீறல் விழுதலும் உண்டு.

இனி, தண்ணீர் எழுந்துவிட்டது என்று அவர் கூறியதன் பொருளைக் காண்போம். எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்ப்பு நீர் ஐந்தாறு நிமிடத்திற் சூடாகிவிடும். அதற்கென்று தனி மானியும் உண்டு. பல கார்களில் அம்மானியின் முள், நீரின் வெப்பம் சிறிது கூடினும் குறையினும் அசையாமல் நடுவில் நிற்குமாறே அமைக்கப்படுகின்றது. இல்லையேல் ஓட்டுபவர் வீணே அஞ்சுவர் என்பது கருத்து. முள் நடுவில் வந்துவிட்டது, எஞ்சின் ஆயத்தமாகிவிட்டது என்று பலர் கருதுகின்றனர். இது பெரும் பிழை. எண்ணெய் அந்நீரினும் மெதுவாகவே சூடேறும். குளிர்காலத்தில் கால் மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். எம்3 காரில் எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் சிறு மானி ஒன்று சுழற்சிமானிக்குள்ளேயே இருக்கின்றது. நான் பார்த்தபொழுது நீர்மானியின் முள் நடுவில் நிற்க, எண்ணெய்மானியின் முள் தன் இருப்பிடத்தை விட்டு எழவே இல்லை.

அப்படியாயின், புறப்படும் முன்பே வண்டியை நிறுத்திய இடத்தில் வைத்துக் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றலாமே என உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பழங்காலத்து ஓட்டுநர் பலரும் அவ்வாறே செய்தனர். அது தீமையே பயக்கும். வேலை செய்யாத எஞ்சினில் வெப்பம் குறைவாகவே பிறக்கும்; அதனால் குளிர்ந்த நிலை நீளும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் மிகுதியாக ஊட்டப்படும். அதில் எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக் கீழிறங்கித் தொட்டியிலுள்ள எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். புகையால் அண்டை வீட்டார்க்கும் இன்னல். ஜெர்மானியச் சாலை விதி, எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுதலை வெளிப்படையாகவே தடுத்துள்ளது. எஞ்சினை முடுக்கி, எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்து, சுழற்சி நிலைபெறும் வரையில் சில நொடி பொறுத்து, உடனே மெல்லப் புறப்படுவதே முறை.

மெல்ல என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அவர் சுழற்சியை 3,000க்கு மேல் ஏறவிடவில்லை. அதே வேளையில் 1,500க்குக் கீழ் இறங்கவும் விடவில்லை. உயர்ந்த கியரில் எஞ்சினை மிகத் தாழச் சுழலவிட்டு, முடுக்கியை ஆழ அழுத்துவதும் தீங்கே என்றார். எண்ணெய்ப் படலம் கிராங்கின் சுழற்சியால் உண்டாவது என முன்னரே கண்டோம். சுழற்சி குறைந்தால் படலம் மெலியும். முடுக்கியை அழுத்தினால் பேரிங்கின்மேல் விழும் சுமை பெருகும். மெலிந்த படலத்தின்மேல் மிகுந்த சுமை! பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாகக் கருதி இவ்வாறு ஓட்டுவோர் பலர். எங்கள் ஊர்ப் பேருந்து மேட்டில் முக்கி முனகி ஏறும்பொழுது நான் கேட்ட ஓசையின் பொருள் அன்றுதான் எனக்குப் புலனாயிற்று.

சுழற்சிமானியின் கடைசி விளக்கும் அணைந்தபொழுது நாங்கள் புறப்பட்டுப் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. மலை தெற்கே நீலமாகத் தெரிந்தது. கார்மிஷ் என்னும் ஊருக்குச் செல்லும் அந்நெடுஞ்சாலையில் வேகவரம்பு இல்லாத பகுதிகள் உண்டு. "இப்பொழுது பாருங்கள், ஐயா" என்று கூறி, கியரை ஒரு படி இறக்கி முடுக்கியை அழுத்தினார். அதன்பின் சிறிது நேரம் நான் மலையைப் பார்க்கவில்லை.

இதனால், விரைவுக் காரை எப்பொழுதும் பொத்திப் பொத்தி வைத்தல் வேண்டும் என்பதும் பொருந்தாது. முழு வேகத்திற் சுழலவென்றே செய்த எஞ்சின் அது. சூடேறிய பின் அதனை அவ்வப்போது உயர்ந்த சுழற்சிக்குக் கொண்டு செல்வதால் கேடில்லை. ஒருபோதும் அவ்வாறு செய்யாது, சிறு சிறு தொலைவே ஓட்டி நிறுத்தும் கார்களுக்கே கேடு மிகுதி. இதற்குக் காரணம் வியப்பானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கின்றது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறும். சிறிது பிஸ்டனின் ஓரமாகக் கசிந்து எண்ணெய் இருக்கும் இடத்துக்கு இறங்கும். எஞ்சின் நன்கு சூடாக இருந்தால் அந்நீர் மீண்டும் ஆவியாகி நீங்கிவிடும். நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் நீங்க வழியில்லை. எண்ணெயோடு கலந்து, அதனை வெளுத்த குழம்பாக்கும். எரிதலால் உண்டாகும் அமிலங்களும் அந்நீரிற் கரைந்து உலோகத்தை அரிக்கும்.

என் மாணவர் இதனைக் கண்ணாரக் கண்டவர். 2015ஆம் ஆண்டில் அவர் இக்காரை வாங்கப் புறப்பட்டபொழுது, ஒரே வகையைச் சேர்ந்த இரு பழைய கார்கள் விலைக்கு வந்தன. நான்கு ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் அவர் கையில் இருந்தது. தவறாகத் தேர்ந்தால், புது எஞ்சின் வாங்க மற்றுமொரு நான்காண்டு உழைக்க வேண்டியிருக்கும். முதற் கார் 41,000 கிலோமீட்டரே ஓடியது. மற்றது 1,38,000 கிலோமீட்டர் ஓடியது. முதற் காரின் உடைமையாளர், "அலுவலகத்துக்குப் போய்வருவதைத் தவிர இதனை நான் ஓட்டியதே இல்லை" என்று பெருமையோடு கூறினாராம். அலுவலகம் எவ்வளவு தொலைவு என்று இவர் கேட்டார். நான்கு கிலோமீட்டர்! உடன் சென்ற தொழிலாளர் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, அதன் உட்புறத்தைக் காட்டினார். மோர்க்குழம்பின் ஆடைபோல் வெளிறிய படலம் ஒட்டியிருந்தது. கையேட்டைப் புரட்டினால், ஓடிய தொலைவு குறைவு என்னும் காரணத்தால் ஐந்து ஆண்டு எண்ணெயே மாற்றவில்லை என்பது தெரிந்தது.

இரண்டாம் காரின் உடைமையாளர் ஊர்விட்டு ஊர் சென்று பணி செய்பவர். ஒரு முறை முடுக்கினால் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டியே நிறுத்துபவர். ஆண்டுதோறும் தவறாது எண்ணெய் மாற்றிய குறிப்பு கையேட்டில் நாள் முறைப்படி இருந்தது. கார் புதிதாக இருந்தபொழுது முதல் 2,000 கிலோமீட்டர் வரை 5,500 சுற்றைக் கடத்தலாகாது என்பதும், அத்தொலைவில் முதல் எண்ணெயை மாற்ற வேண்டும் என்பதும் தொழிலகத்தார் வகுத்த நெறி. அந்த முதல் மாற்றமும் பதிவாகியிருந்தது. மும்மடங்குக்கு மேல் ஓடிய அக்காரையே இவர் தேர்ந்தார். நண்பர் பலர் நகைத்தனராம்.

தொலைவுமானி சொல்லாத வேறொரு செய்தியும் உண்டு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழலாதபடி தடுக்கும் மின்னணுக் காவல் இக்கார்களில் அமைந்துள்ளது. எல்லையை எட்டியதும் அது பெட்ரோலை நிறுத்திவிடும். ஆனால் வேகமாகச் செல்லும்பொழுது, நான்காம் கியருக்கு மாற்ற எண்ணிய கை தவறி இரண்டாம் கியரில் விழுந்துவிட்டால் அக்காவல் உதவாது. அப்போது எஞ்சினைச் சுழற்றுவது பெட்ரோல் அன்று, உருண்டோடும் சக்கரங்களே. வால்வுகள் தம் காலத்தில் மூட இயலாது பிஸ்டனோடு மோதி வளையும். ஒரு கணத்துப் பிழை ஓர் எஞ்சினை முடித்துவிடும். போர்ஷே கார்களின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி, இத்தகைய அளவு மீறிய சுழற்சிகளைக் கணக்கிட்டுத் தன்னுள் பதிந்து வைக்கின்றது. பழைய காரை வாங்குவோர் அப்பதிவை எடுத்துக் காட்டுமாறு கேட்பது அங்கு வழக்கம். முன்னவன் ஓட்டிய ஓட்டத்துக்குக் கார் தானே எழுதிய சித்திரகுப்தன் கணக்கு!

தொடக்கத்தைப் போன்றே முடிவிலும் பொறுமை வேண்டும். ஜெர்மனியில் நியூர்பர்க் என்னும் ஊரில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பந்தயச் சாலை ஒன்று காட்டினூடே வளைந்து செல்கின்றது. அதன் வடவளையம் 20.8 கிலோமீட்டர் நீளமுடையது; பந்தயம் இல்லாத நாள்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தம் கார்களை அதில் ஓட்டலாம். என் மாணவரும் இருமுறை ஓட்டியிருக்கின்றார். வாயிலருகே நெடுநேரம் நின்று குளிர்ந்த காரை அப்படியே உள்ளே செலுத்திப் பாய்பவர்களையும், சுற்று முடித்ததும் பிரேக்குத் தட்டுகள் கொதிக்கக் கொதிக்கக் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்துபவர்களையும் அங்கே கண்டதாகக் கூறினார். குளிர்ந்த டயருக்குப் பிடிப்புக் குறைவு என்பதால் முன்னையது உயிருக்கே ஊறு. பின்னையதால் தட்டின் ஒரு பகுதி மட்டும் சூடு ஆறாமல் பிரேக்குக் கட்டையின் பொருள் அதில் படியும். பின்பு பிரேக்கை அழுத்துந்தோறும் வண்டி நடுங்கும்.

டர்போ பொருத்திய கார்களுக்கு இவ்விறுதிப் பொறுமை இன்னும் இன்றியமையாதது. டர்போ என்பது, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை நெருக்கி ஊட்டும் சிறு சக்கரம். அது நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். நான் ஏறிச் சென்ற எம்3 காரில் டர்போ இல்லை. 2014 முதல் வந்த எம்3 கார்களில் இரண்டு உண்டு. முழு வேகத்தில் வந்து உடனே எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுபோகும். செந்தணலாய் இருக்கும் டர்போவின் தண்டில் தங்கிய எண்ணெய் கருகிப் படியும். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் எஞ்சின் நின்ற பின்னும் குளிர்ப்பு நீரை ஓட்டும் மின்பம்பு உள்ளதாயினும், கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெல்ல ஓட்டி வருதல் செலவில்லாத காப்பு.

நாங்களும் மாலையில் திரும்பியபொழுது அவர் நகர எல்லைக்கு முன்பே வேகத்தைத் தணித்துவிட்டார். வீட்டு வாயிலில் கார் நின்றதும், அதன் எண்பலகையின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொறித்திருந்த 04, 10 என்னும் எண்களைப் பற்றிக் கேட்டேன். ஆண்டில் சில திங்கள் மட்டுமே ஓட்டுவதற்கு 1997 முதல் அந்நாட்டில் அளிக்கப்படும் பருவப் பதிவாம் அது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓட்டலாம். எஞ்சிய ஐந்து திங்களும் கார் கொட்டகையில் உறங்கும். குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு வண்டியை அரித்துவிடும் என்பதால் விரைவுக் கார் உடையோர் பலர் இவ்வாறு செய்கின்றனர்.

நான் ஊர் திரும்புவதற்கு முன்னாளில் அந்த உறக்கத்துக்கான ஏற்பாட்டையும் கண்டேன். காரை முப்பது கிலோமீட்டர் ஓட்டி, எண்ணெய் சூடாக இருக்கும்பொழுதே பட்டறையில் அதனை வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றச் செய்தார். வசந்தத்தில் மாற்றினால் போதாதோ என்றேன். பழைய எண்ணெயில் கலந்துள்ள நீரும் அமிலமும் ஐந்து திங்கள் பேரிங்கின்மேல் தங்கியிருக்குமே என்றார். பெட்ரோல் தொட்டியை நிரப்பினார். ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாகாதபடி காற்றழுத்தத்தைக் கூட்டினார். மின்கலத்துக்கு மெல்ல மின்னேற்றும் கருவியை இணைத்தார். கைப்பிரேக்கை இழுக்காமல், சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்தார்.

அவருடைய சிறு மகள் கொட்டகை வாயிலில் நின்றுகொண்டு, "அப்பா, இடையில் ஒரு நாள் ஒரே ஒரு நிமிடம் முடுக்கி ஓசை கேட்கலாமா?" என்று கேட்டாள்.

"ஏப்ரலில் கேட்கலாம், அம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் காரின்மேல் துணியுறையை இழுத்து மூடினார்.